கதவிடுக்கில் மஞ்சள் சீட்டு

சிவப்பு வண்டியைத்தான் வெர்லின் முதலில் பார்த்தான்.
பார்த்தான் என்றால் போதாது,
அதன் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றினான்.
மைல்ஸ் சிட்டியில் ஏப்ரல் காற்று
கடை வாசல் கொடிகளை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தது.
விற்பனைப் பையன் காஸன்
அவனிடம் மட்டும் பேசினான்:
"பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் சார்.
உங்க டிரெய்லரெல்லாம் இதுக்கு ஒரு வாய்க்குக் காணாது."
என் பக்கம் திரும்பியது
காபியில் சர்க்கரை எத்தனை என்று கேட்கத்தான்.

இழுக்கட்டும்.
இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்,
பனியில், உருகிய பனியின் சேற்றில்,
பின்னிருக்கையில் அடிதடி நடந்துகொண்டிருக்க.
இழுப்பது எஞ்சினின் வேலை,
எஞ்சின் வாய்ச்சவடால் பேசும்.
தாங்குவது வேறு.
அதை எவரும் விளம்பரப் பலகையில் எழுதுவதில்லை.
ஓட்டுநர் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்,
இடுக்கில், பூட்டுக்குக் கீழே,
உள்ளங்கை அளவு மஞ்சள் சீட்டு:
ஆளும் சாமானும் சேர்த்து
ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்தைத் தாண்டாதே.

குனிந்து படித்தேன். முழங்கால் சத்தம் போட்டது.
பென்சில் கேட்டேன்.

சிவப்பு வண்டியின் முகப்பின் மேல்
அதன் விளம்பரத் தாளையே கவிழ்த்துப் போட்டுக் கணக்கு.
கொக்கியின் மேல் டிரெய்லரின் கழுத்து அழுத்துவது எண்ணூறு.
கொக்கிச் சட்டம் தொண்ணூறு.
பின்தொட்டியின் மூடி நூற்றெண்பது.
நாய் ஓலே எழுபது, குளித்தால் கொஞ்சம் கூட.
"வெர்லின்?"
"இருநூற்று இருபது" என்றான்.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
"இருநூற்று நாற்பத்தெட்டு."

அடுத்தது நான்.
நூற்று ஐம்பது என்று அவனே எழுதிவிட்டான்,
மரியாதைக்கு,
அல்லது முப்பத்தொரு வருடமாக
அதுதான் என் எடை என்று உண்மையிலேயே நம்பி.
அடித்து, நூற்று எண்பத்தொன்று என்று எழுதினேன்.
காஸன் திடீரென
தூரத்தில் போகும் சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தான்.

கூட்டினால் ஐம்பத்தொன்பது மிச்சம்,
தப்பான பக்கத்தில்.
வறுசட்டி இன்னும் ஏறவில்லை.
விறகு ஏறவில்லை.
அவன் இல்லாமல் எங்கும் போகாத அந்தக் கருவிப்பெட்டி
ஏறவே இல்லை.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
போன செப்டம்பரில், டென் ஸ்லீப் இறக்கத்தில்,
இரவல் வண்டியில்
டிரெய்லர் எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது.
பக்கக் காற்று ஒன்று அடித்ததும்
வால் நாயை ஆட்டியது.
பிரேக் கருகும் வாசனைக்கு
ஓலே இருமினான்.
கீழே வந்து ஒரு மணி நேரம்
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை,
பிறகு சாண்ட்விச் பற்றிப் பேசினோம்.

"அப்படின்னா அதோ" என்றேன்.
வேலியோரம், வெள்ளை,
நெடுஞ்சாலைத் துறை கழித்துவிட்ட முக்கால் டன் டீசல்.
கதவில் துறையின் முத்திரையைச் சுரண்டி எடுத்த தழும்பு,
உள்ளே யாரோ பத்து வருடம் மென்ற புகையிலையின் நெடி.
மஞ்சள் சீட்டு பாதி வெளுத்திருந்தது,
எண் மட்டும் தெளிவு: இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.
வெர்லின் சிவப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்,
நிலையத்தில் விட்டுவிட்டு வரும்
உறவினரைப் பார்ப்பதுபோல.

சனிக்கிழமை
தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏற்றினோம்,
எல்லாவற்றோடும், எங்களோடும், நாயோடும்.
லொரெட்டா ஜன்னல் வழியே ரசீதை நீட்டி
"கோதுமை எங்கே?" என்றாள்.
ரசீதை வெர்லின் நிழல்மறைப்பில் செருகினான்.
அதில் எங்கள் எடை தனியாக இல்லை,
மொத்தத்தில் கரைந்திருந்தது.
அது அவனுக்கு நிம்மதி.
எனக்கும்தான்.

வீட்டுக்கு வந்து பின்னோக்கி நிறுத்தும்போது
அவன் முற்றத்தில் நின்று
இரண்டு கையாலும் ஏதேதோ சைகை காட்டினான்,
இடது என்றால் வலது, நில் என்றால் வா.
நான் கண்ணாடியைப் பார்த்தேன்.
ஒரே முறையில் உள்ளே போனது.
"சரியா காட்டினேன் பார்" என்றான்.